தோளில் கிடந்த கோட்டு

"வீட்டுல யாராவது சிகரெட் பிடிப்பீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டதும் என் மனைவிக்கு ரோஷம் வந்துவிட்டது. "இவரு அந்த வாடை வந்தாலே பத்தடி தள்ளி நிப்பாருங்க," என்றாள். அவள் வாயால் எனக்குக் கிடைத்த அபூர்வமான நற்சான்றிதழ். மடியில் எங்கள் கைக்குழந்தை; மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் கீச்சென்றது. குறைமாசத்தில் பிறந்ததா, சுவரில் ஈரம் உண்டா, உங்களில் யாருக்காவது சின்ன வயதில் இழுப்பு இருந்ததா என்று டாக்டரம்மா கேட்டுக்கொண்டே வந்தார்.

கடைசிக் கேள்வியில் அவள் முகம் மலர்ந்தது. அப்பாவைப் பற்றிப் பேச வாய்ப்பு வந்தால் விடவே மாட்டாள்.

என் மாமனார் மலை ரூட்டில் பஸ் டிரைவர். மகளுக்கு இழுப்பு வந்தால், போட்டிருந்த கம்பளிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடத்தில் நடப்பாராம். வாயாலேயே கியர் மாற்றுவாராம். கட்டிலருகே திரும்பும்போது ஹார்ன் அடிப்பாராம். மூச்சு சீரானதும் 'அப்பாடா' என்று உட்கார்ந்து, மடியில் தூங்கும் மகளோடு ஒரு சிகரெட் பற்றவைப்பாராம். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கதையைக் கேட்கிறேன். சிகரெட் வரும் இடத்தில்தான் அவள் குரல் குழையும்.

அவர் போனபின் அந்தக் கோட்டை அவள் துவைக்கவே இல்லை. பையில் கட்டி பீரோவில் வைத்திருந்தாள். குழந்தைக்குக் கீச்சொலி தொடங்கியதும் அதை எடுத்துத் தோளில் போட்டு, அதன்மேல் குழந்தையைச் சாய்த்து நடந்தாள். "அப்பா வாசம். சரியாயிடும்," என்பாள்.

இதையும் பெருமையாகவே சொன்னாள். டாக்டரம்மாவின் பேனா நின்றது.

"துணியில ஏறின புகை லேசுல போகாதும்மா. குழந்தைக்கு ஆகாது. இனிமே அது பக்கத்துலயே வேணாம்."

"அப்ப எனக்கு வந்தது..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"அது எதனாலன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது," என்றார் அவர், மெதுவாக.

வீட்டுக்கு வந்ததும் வாளியில் தண்ணீர் பிடித்தாள். "மறுபடி பையில கட்டி மேல வெச்சிடலாமே," என்றேன். அவளுக்கு அப்பாவென்று மிஞ்சியிருந்ததே அந்த வாசம்தான்.

"வாசம் இருந்தா நான் மறுபடி எடுத்துத் தோள்ல போட்டுடுவேன்," என்றாள். கோட்டில் முகம் புதைத்து நெடுநேரம் நின்றாள். பிறகு தண்ணீரில் அமுக்கினாள். அலச அலசத் தண்ணீர் பழுப்பாகவே வந்தது.

"தெரிஞ்சிருந்தா அப்பா அன்னிக்கே சிகரெட்டை விட்டிருப்பாரு, இல்ல?"

"அன்னிக்கே விட்டிருப்பாரு."

கொடியில் கோட்டு சொட்டிக்கொண்டிருந்தது. மருந்து குடித்த குழந்தை சிணுங்கியது. அவள் அதை வெறும் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தாள். பிறகு அவள் தொண்டைக்குள் ஏதோ உறுமியது. முதல் கியர், இரண்டாவது கியர். கட்டிலருகே திரும்பும்போது, "பாம்... பாம்..." என்றாள்.

நான் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டேன்.