கசகஸ்தான் சட்டை

கசகஸ்தான் உலகப்படத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் தெரியாது. ஆனால் கசகஸ்தான்காரி ஒருத்தியின் தோள் எவ்வளவு அகலம் என்று கேளுங்கள், கொக்கட்டிச்சோலையில் பாதிப் பேர் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார்கள். அந்தப் பெருமை என்னையும் அம்மாவின் வாயையும் சேரும். அவளோடு தலையைக் கோத்து முட்டியவள் நான். அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது அம்மா.

இப்போது நான் முட்டுவதில்லை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் விளையாட்டுப் பிரிவில் வேலை, விசில் ஊதுவதோடு சரி. பெண்கள் உலகக் கிண்ண றக்பி நடந்த நாட்களில் எங்கள் பிள்ளைகள் ஒரு கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்து இலையான் மாதிரி மொய்த்துக்கொண்டு பார்த்தார்கள். ஓர் ஆட்டம் முடிந்ததும் இரண்டு நாட்டுக்காரிகள் கட்டிப்பிடித்துச் சட்டையை மாற்றிக்கொண்டார்கள். "ஐயோ மிஸ், வேர்வையோடயா!" என்று ஒருத்தி மூக்கைச் சுளித்தாள். எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. தண்ணீர் குடிக்கிற சாட்டில் வெளியே வந்துவிட்டேன்.

என்னை இந்த விளையாட்டுக்குள் இழுத்து விட்டவள் சாஷா. மட்டக்களப்பு டவுனில் பறங்கித் தெருப் பக்கம் வீடு. வளாகத்தில் படிக்கும்போது ஒருநாள் மைதானத்துக்குக் குண்டெறிதல் பழகப் போன என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன்ன மாதிரி ஒரு ஆளத்தான் தேடுறன். ஆள் காணாமல் டீமே நிக்குது. நீ ஓடத் தேவையில்ல வதனி, தள்ளினாக் காணும்."

ஓடத் தேவையில்லை என்பது பச்சைப் பொய். ஆனால் தள்ளுவது எனக்குப் பிடித்துப்போனது. ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர் தோளோடு தோள் பின்னி, குனிந்து, தலையைக் கோத்துத் தள்ளவேண்டும். நான் முன்வரிசை. முதுகு வளையக்கூடாது, கால் வழுக்கக்கூடாது, வாய் பேசக்கூடாது. மூன்றாவதுதான் எனக்குக் கஷ்டம். மாகாண அணி, பிறகு தேசிய அணி என்று மேலே போனபோது, அணியில் பாதிப் பேர் இராணுவமும் விமானப்படையும். வயல்காரன் மகளாக நான் ஒருத்திதான் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

அப்பா நல்லரத்தினம் ஒரு சொல் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் இல்லை, போ என்றும் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு கொம்பு.

கண்ணகை அம்மனுக்காக எங்கள் பக்கத்தில் கொம்பு விளையாட்டு நடக்கும். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். கொக்கி போல வளைந்த இரண்டு தடிகளை ஒன்றோடொன்று கோத்து, கயிறு பூட்டி, இரண்டு சேரியும் எதிரெதிரே நின்று இழுக்கும். யாருடைய கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. பிறக்கும்போதே சேரி தீர்ந்துவிடும், கல்யாணம் கட்டினாலும் மாறாது. அப்பா தென்சேரி, அம்மா வடசேரி. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் உப்பு வேண்டுமென்றாலும் என்னிடம் சொல்லித்தான் இருவரும் கேட்பார்கள். பக்கத்தில்தான் இருப்பார்கள்.

தோற்ற சேரியை வென்ற சேரி சும்மா விடாது. வாசல் வாசலாக வந்து வசை பாடும். கேட்கக் கூசுகிற வசை. அதற்குக் கோபிக்கக்கூடாது, அதுவும் விளையாட்டில் சேர்த்தி. தென்சேரி தோற்ற ஒரு வருடம் அம்மாவின் அண்ணன் அழகரத்தினம் மாமா எங்கள் படலையில் நின்று தொண்டை கட்டும்வரை பாடினார். அடுத்த நாள் அவரே வந்து எங்கள் வீட்டில் சோறும் சாப்பிட்டார். ஆனால் பாடிய நேரம் முழுக்க அப்பா உள்ளே சால்வையால் தலையை மூடிக்கொண்டு இருந்தார். நான் சின்னப் பிள்ளை. அப்பாவுக்குக் குளிர் என்று நினைத்தேன்.

கசகஸ்தானோடு முதல் தடவை ஆடியது வெளிநாட்டில். எனக்கு எதிரே நின்றவளின் பெயர் இன்றுவரை என் வாய்க்குள் நுழையவில்லை. எருமை போலத் தள்ளினாள், விழுந்தால் கைகொடுத்துத் தூக்கினாள். நாற்பத்தொன்றுக்கு ஐந்து என்று தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் அவள் நேரே என்னிடம் வந்து தன் நீலச் சட்டையைக் கழற்றி நீட்டினாள். நான் என் பச்சைச் சட்டையைக் கொடுத்தேன். நல்லாக முட்டினவளுக்குத்தான் எதிராளி சட்டை கொடுப்பாள் என்று கூட ஆடிய சாஷா சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. விமானத்திலும் பஸ்சிலும் அதைத்தான் போட்டிருந்தேன். மண்முனைப் பாலம் கடந்து எங்கள் சந்தியில் இறங்கும்போதும் அதுதான் என் மேலில்.

அப்பா படலையில் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தார்.

"எத்தனைக்கு எத்தனை?"

"நாப்பத்தொண்டுக்கு அஞ்சு."

"ஆருக்கு அஞ்சு?"

"எங்களுக்கு."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வட்டைக்குப் போய்விட்டார். அந்த நேரத்தில் வயலில் வெட்ட ஒன்றுமே இல்லை. அடுத்த நாள் நான் தோய்த்துக் கொடியில் போட்ட சட்டையைக் காணோம். அலுமாரியில் பழைய சீலைகளுக்கு அடியில் இருந்தது. "இத வெளியில போடாத. நாலு பேர் பாப்பாங்க" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாட்டுக்காக விளையாடி வந்தவள் நான், இந்த மனிதருக்கு வெட்கமாக இருக்கிறதாம்! பெண் பிள்ளை மைதானத்தில் உருண்டு புரள்வது பிடிக்கவில்லை, அதை முகத்துக்கு நேரே சொல்லவும் துணிவில்லை. அப்படித்தான் முடிவு கட்டினேன். அவர் மகள்தானே நான், நானும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவரை ஓர் ஆட்டத்துக்காவது கூட்டிப்போகப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கொழும்பில் ஆட்டம் என்றால் விதைப்பு என்பார். விதைப்பு முடிந்தால் களை. களை முடிந்தால் யானை. யானையும் வராவிட்டால் மாட்டுக்குச் சுகமில்லை. கொழுத்த மாடு அது, என்னைப் பார்த்து அசைபோட்டுக்கொண்டு நிற்கும்.

பிறகு என் முழங்கால் போனது. இன்னுமொரு தொடர் ஆடலாம், அதற்கு மேல் நடக்கவே ஏலாமல் போகும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்தக் கடைசித் தொடர் கொழும்பிலேயே நடந்தது. எதிரே வருவது அதே கசகஸ்தான். எனக்கு ஒரே ஆசைதான் மிச்சம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அப்பா வந்து நான் விளையாடுவதைப் பார்க்கவேண்டும். அம்மாவிடமும் சாஷாவிடமும் இது கடைசி என்று சொன்னேன். அப்பாவிடம் சொல்ல விடவில்லை. இரக்கப்பட்டு ஒன்றும் அவர் வரத் தேவையில்லை.

"கொழும்பில மட்ச் இருக்கு. வாறீங்களா அப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

"மாட்டுக்கு..." என்று தொடங்கினார். நான் எழும்பிப் போய்விட்டேன்.

அணியோடு நான் முன்னதாகவே கொழும்பில் இருந்தேன். ஆட்டத்துக்கு முதல்நாள் இரவு அம்மாவை ஏற்ற சாஷா வானோடு எங்கள் வீட்டுக்குப் போனாள். அவள் எனக்கு முந்தியே விளையாட்டை விட்டவள். அம்மா சோற்றுப் பொதியோடு ஏறிக் கதவை மூடுகிற நேரம், அப்பா வெள்ளை வேட்டியும் சால்வையுமாக வந்து பின் சீற்றில் ஏறினாராம்.

"கொழும்பில ஒரு அலுவல் இருக்கு."

என்ன அலுவல் என்று யாரும் கேட்கவில்லை. நல்ல காலம்.

அடுத்த நாள் பின்னேரம் தேசிய கீதம் பாட வரிசையில் நின்றபோதுதான் அவரைக் கண்டேன். பார்வையாளர் பக்கத்தில், கம்பி வேலிக்குப் பக்கத்து வாங்கில், சால்வையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தார். பரீட்சை மண்டபத்தில் இருக்கிற மாதிரி ஓர் இருப்பு. எனக்குப் பாட்டு வரவில்லை, அழுகை வந்தது. பக்கத்தில் நின்ற இராணுவக்காரி என் விலாவில் இடித்தாள்.

அன்றைக்கு முட்டியதுபோல நான் என்றைக்கும் முட்டியதில்லை. ஒரு ஸ்க்ரமில் கசகஸ்தானைப் பின்னுக்கே தள்ளினோம். எதிரே இருந்தவளின் கால் புல்லைக் கிழித்துக்கொண்டு சறுக்கியது எனக்குக் கேட்டது. அந்த ஒன்றை மட்டும் அப்பா பார்த்திருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மற்றப்படி அடிதான். முப்பத்தாறுக்கு ஏழு. கடைசி விசில் ஊதியதும் புல்லில் முழங்காலை மடித்து இருந்து, மண்ணைத் தொட்டேன்.

ஒரு நிழல் விழுந்தது. அவள்தான். அதே தோள், அதே சிரிப்பு. சட்டையைக் கழற்றி நீட்டினாள். நானும் கழற்றினேன். உள்ளே பெனியன் இருந்தது. நீலச் சட்டையைத் தலைக்குள் விடப் போனேன்.

"போடாத புள்ள! அதப் போடாத!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. அப்பா வேலிக் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். ஒரு காவலாளி அவர் தோளைப் பிடித்தார், அப்பா உதறிவிட்டார். நான் முழங்காலை இழுத்துக்கொண்டு ஓடினேன். கண்ணீர் தாடை வழியே ஓட, அப்பா வேலிக்கு மேலால் தன் சால்வையை என்னிடம் எறிந்தார்.

"இதப் போத்து. தோத்தா என்ன, தோக்காதவன் ஆர்? அவளுகள்ட சட்டையப் போட்டுக்கிட்டு ஊருக்குள்ள வரச் சொல்றது என்ன ஞாயம்? ஒருக்காப் பட்டது காணாதா? நான் பாத்துக்கிட்டு இருக்கமாட்டன்!"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தோற்றவர்கள் வென்றவர்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊர் திரும்பவேண்டும், அதுதான் இந்த விளையாட்டின் வசை என்று அவர் நினைத்திருக்கிறார். அன்றைக்குச் சந்தியில் நான் இளித்துக்கொண்டு இறங்கியது அவமானத்தை மறைக்க என்று நினைத்திருக்கிறார். சட்டையை ஒளித்தது என்னை நாலு பேர் பழிக்காமல் இருக்க.

அம்மா அவர் பின்னால் மூச்சு வாங்க வந்து நின்றாள். "ராவு முழுக்க இதத்தான் சொல்லிக்கிட்டு வந்தார் மகள். புள்ளயப் பழிக்கக்குள்ள பக்கத்தில ஒராள் நிக்கோணுமாம். நான் சொன்னா இந்தத் தென்சேரி கேக்குமா?"

"அப்பா, அது தண்டனை இல்ல. நல்லா முட்டினதுக்குத் தாறது. அங்க பாருங்க."

கசகஸ்தான்காரி எங்களிடம் வந்துகொண்டிருந்தாள். என் பச்சைச் சட்டை அவள் மேலில். தோளில் தையல் விடுகிற அளவுக்கு இறுக்கம். அப்பாவைக் கண்டதும் என்னைக் காட்டி, நெஞ்சில் கையை வைத்து, தலை குனிந்தாள்.

அப்பா அவளை மேலும் கீழும் பார்த்தார். "வெண்டவளும் போடுறாளா?"

"ஓம் அப்பா."

"அப்ப அண்டைக்கு நீ... விரும்பித்தான் போட்டுக்கிட்டு வந்தனியா?"

"ஓம் அப்பா."

முகத்தைத் துடைக்கச் சால்வையைத் தேடினார். அது என்னிடம் இருந்தது. கையாலேயே துடைத்துக்கொண்டார்.

அன்றிரவு சாஷாவின் மாமி டல்சியின் வீட்டில் தங்கி, விடிந்ததும் புறப்பட்டோம். வழி முழுக்க அப்பாவின் வாய் மூடவில்லை. பந்து ஏன் உருண்டையாக இல்லை? ஏன் முன்னுக்கு எறியாமல் பின்னுக்கு எறிகிறீர்கள்? காதைக் கட்டியிருந்தவளுக்குக் காது வலியா? சாஷா வானை ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். இத்தனை வருடமும் இந்தக் கேள்விகளையெல்லாம் எங்கே வைத்திருந்தார் என்று எனக்கு ஆச்சரியம்.

"ஒருக்கா நீங்க அவளுகளப் பின்னுக்குத் தள்ளினீங்கள்ல," என்றார். "நான் எழும்பி நிண்டிட்டன். கொம்பில கூட அப்படி ஒரு பிடி நான் பாக்கல்ல."

எனக்கு அது போதும். உலகக் கிண்ணத்தைத் தந்தாலும் அதற்கு ஈடாகாது.

வெலிக்கந்த கடந்ததும் முன் சீற்றின் முதுகைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "அடுத்தது எப்ப மகள்? நெல்லு வெட்டுற காலமா இருந்தாலும் பரவாயில்ல. ஆளப் புடிச்சு விட்டுட்டு வாறன்."

சாஷா வானை மெதுவாக்கினாள். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். சொல்லவேண்டியவள் நான்தான்.

"இதுதான் கடைசி அப்பா. முழங்கால் இனித் தாங்காதாம்."

கிரான் வயல்கள் வரும்வரை முன் சீற்றின் முதுகைப் பிடித்த கையை அவர் எடுக்கவில்லை.

"நான் ஒண்டத்தானே பாத்தன்," என்றார் பிறகு. "அதிலயும் பாதி நேரம் கண்ணப் பொத்திக்கிட்டு இருந்திட்டன்."