வரைபடத்தில் இல்லாத மீட்டர்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. அக்காவிடம் கேட்டு வாங்கியது. "எழுதிக்கோ. ஆனா அழ வைக்கிற மாதிரி எழுதாத" என்றாள். மூன்று தொடக்கங்கள் எழுதி இரண்டைக் கிழித்தாயிற்று. மூன்றாவது பாதியில் நிற்கிறது:

அத்தான் போன பிறகும் தொட்டிக்குத் தண்ணீர்—

(இதை அப்படியே விட்டுவைக்கிறேன். பிறகு வேண்டியிருக்கும்.)

2

அக்காவுக்குத் தொழில் சென்சார்களைப் பழுது பார்ப்பது. அவள் கணவர், என் அத்தான், குடிநீர் நிலையத்தில் ஆபரேட்டர். அவருக்கு அதிகம் பேச வராது. மதியம் அக்காவுக்கு போன் செய்து "சாப்பிட்டியா" என்பார். அதற்கு மேல் என்ன பேசுவதென்று தெரியாமல் "தொட்டி எழுபது சதவீதம்" என்பார்.

"கல்யாணம் ஆனதுலேருந்து அவர் சொன்ன ஒரே காதல் வசனம் அதுதான்டா" என்று அக்கா சிரிப்பாள். மாரடைப்பு வந்த அன்றும் சொன்னாராம்.

(ஒரு வரைவில் அவரைக் கொஞ்சம் கலகலப்பாக்கிப் பார்த்தேன். படித்துவிட்டு "யாருடா இது?" என்று கேட்டாள். அடித்துவிட்டேன்.)

3

அவர் இறந்து சில வாரங்கள் கழித்து அதே நிலையத்திலிருந்து அக்காவுக்கு அழைப்பு. முந்தின நாளிலிருந்து தொட்டியின் மட்டம் தெரியவில்லை. மட்டம் தெரியாமல் கண்ட்ரோலர் பம்பை ஓட்டாது. மாலைக்குள் சரியாகாவிட்டால் ஊருக்குத் தண்ணீர் இல்லை. வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருக்கலாம். போனாள்.

[இங்கே கொஞ்சம் விஞ்ஞானம், பொறுத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் மட்டத்தை அளக்கும் சென்சாரிலிருந்து கண்ட்ரோலருக்கு ஒரே மின்னோட்டம் சுற்றி வருகிறது. தொட்டி காலியானாலும் அது நிற்காது. நாலு மில்லி ஆம்பியராவது ஓடும். ஒன்றுமே இல்லையென்றால் வயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது.]

அன்று ஒன்றுமே இல்லை. சென்சார் சரி, இருபத்துநாலு வோல்ட் மின்சாரம் சரி, கண்ட்ரோலரும் சரி. வயரிங் வரைபடத்தின்படி நேராக வர வேண்டிய வயர், பாதி வழியில் திரும்பி ஒரு சின்ன அறைக்குள் போனது. அத்தானின் அறை. மேசைக்கு மேலே சுவரில் நாலு திருகுத் துளை, நடுவில் டேப் சுற்றிய இரண்டு வயர் முனைகள்.

யாரிடமும் சொல்லாமல் மனுஷன் அங்கே மட்டம் காட்டும் ஒரு மீட்டரை மாட்டி, மின்னோட்டத்தை அதன் வழியாக விட்டிருக்கிறார். போனில் அவளிடம் சொல்ல. முந்தின நாள் அறையைக் காலி செய்தவர்கள், அவருடைய சொந்தப் பொருளென்று கழற்றி, மூக்குக் கண்ணாடியோடு அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெட்டியில் அக்கா அதைப் பார்த்திருக்கிறாள். ஏதோ உதிரி மீட்டர் என்று நினைத்து மூடி, அலமாரி மேல் வைத்துவிட்டாள்.

4

டேப்பைப் பிரித்து, மல்டிமீட்டரின் இரு முனைகளை அந்த வயர்களில் வைத்தாள். அறுந்திருந்த மின்னோட்டம் அதன் வழியாக ஓடியது.

"வந்துருச்சு மேடம்!" பக்கத்து அறையிலிருந்து புது ஆபரேட்டர் கத்தினார். "தொட்டி இருபது சதவீதம்!"

சில வாரங்களுக்குப் பிறகு அவளிடம் ஒருவர் அதைச் சொல்கிறார். குரல் வந்த பக்கம் திரும்பினாள்; ஒரு முனை விலகியது.

"போயிருச்சு மேடம்!"

மறுபடி வைத்தாள். வந்தது. அவள் பிடித்திருக்கும் வரைதான் இருக்கும்.

"அப்படியே நின்னேன்டா. கை வலிச்சது. எடுக்க மனசு வரல."

ஆபரேட்டர் வந்து எட்டிப் பார்த்தார். "அவ்வளவுதானா? ரெண்டையும் சேத்து விட்டுடுங்க மேடம், வேலை முடிஞ்சுது."

சரியான யோசனைதான். சேர்த்துவிட்டால் அத்தான் அங்கே இருந்ததே தெரியாமல் எல்லாம் ஓடும். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

5

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் அக்கா வயர்களைச் சேர்த்துவிட்டு அழுகிறாள். (அழ வைக்காதே என்றாளே.) இன்னொன்றில் வீட்டுக்கு ஓடி மீட்டரை எடுத்து வந்து அதே துளைகளில் மாட்டுகிறாள்; காலி நாற்காலிக்கு எதிரே அது மட்டம் காட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் படித்துக் காட்டினேன்.

"நிஜமா என்னக்கா செஞ்ச?"

"சாயங்காலம் ஊருக்குத் தண்ணி வந்துச்சு. உனக்கு அது போதும்."

அட்டைப்பெட்டி இன்னும் அலமாரி மேல்தான் இருக்கிறது. மீட்டர் உள்ளே இருக்கிறதா என்று ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் ஏறவில்லை. எனக்கும் அத்தானைப் பிடிக்கும்.

தொடக்கத்தில் விட்டுப்போன வாக்கியத்தின் மறுமுனை இதோ:

—வந்துகொண்டிருந்தது.

நேராகச் சேர்க்கலாம். நடுவில் அவருக்கென்று ஒரு சொல் வைத்தும் சேர்க்கலாம். இரண்டு முனையும் இப்போது உங்களிடம். உடனே முடிவு செய்ய வேண்டாம். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அக்காவுக்குக் கை வலிக்கிறது.