கல்யாண மெத்தை

1936ஆம் வருஷம், அந்த ஜூலை ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே பார்சலோனாவின் ஆலைச் சங்குகள் எல்லாம் சேர்ந்து ஊதின. விடுமுறை நாளில் சங்கு ஊதி நான் கேட்டதே இல்லை. பகலில் எனக்குக் கல்யாணம். அம்மா என் தலைமுடியைப் பாதிதான் சுருட்டியிருந்தாள்.

"பட்டாளம் தெருவுக்கு வந்துருச்சு. அரசாங்கத்தைக் கவுக்கப் போறாங்களாம்" என்று கீழ் வீட்டுப் பெப்பேத்தா படியேறிக்கொண்டே கத்தினாள்.

"கல்யாணம் முடிஞ்சப்புறம் கவுக்கச் சொல்லு. தலைய ஆட்டாதடி, ரெமேய்" என்றாள் அம்மா.

"கோயிலைப் பூட்டிட்டுப் பாதிரியாரே ஓடிட்டாரு, அஸும்ப்தா."

அம்மாவின் கை நின்றது. கோயிலில்தான் கல்யாணம் என்று மாப்பிள்ளை நார்சிஸோடு மாசக்கணக்கில் மல்லுக்கட்டி ஜெயித்தவள் அவள். பதிவு அலுவலகம் போதும் என்ற அந்த டாக்சிக்காரனை அதற்காகவே இன்னும் மன்னிக்கவில்லை.

ஜன்னலைத் திறந்தேன். ஆணும் பெண்ணும் வரிசையில் நின்று தெருவில் பதித்த கற்களைப் பெயர்த்துக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். பட்டாளத்தை மறிக்கத் தெருமுனையில் எழுப்பிய தடுப்புச் சுவர் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. தூரத்தில் துப்பாக்கி வெடித்தது. எல்லாம் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தோம். நியாயமாகப் பயம்தான் வந்திருக்க வேண்டும். எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை.

அந்தக் கும்பலைப் பிளந்துகொண்டு ஒரு மஞ்சள் கறுப்பு டாக்சி வந்து நின்றது. கல்யாணச் சட்டையோடு நார்சிஸ் இறங்கினான். உள்ளே தொழிற்சங்கத்து ஆட்கள் மூன்று பேர், முயல் சுடும் துப்பாக்கிகளோடு.

நார்சிஸ் படியேறி வந்தான். "சென்யோரா, பட்டாளத்த எதுத்துப் போறோம், ஒரு மெத்தை வேணும். மொட்டை மாடியிலேருந்து சுடுறாங்க. வண்டி மேல கட்டணும்."

அம்மா தன் சோளச் சருகு மெத்தையைக் காலால் தள்ளினாள். "எடுத்துக்க."

"இத குண்டு பாத்தா சிரிக்கும். கம்பளி வேணும்."

வீட்டில் ஒரே ஒரு கம்பளி மெத்தைதான் இருந்தது, என் சீதனம். மலையூர் உறவுக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுக் கம்பளி சேர்த்து, அம்மா தானே அடைத்துத் தைத்தது. அவள் போய் அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"தெரு பூரா வீடு இருக்கு. மெத்தைக்கு என் வீடுதான் கெடச்சுதா?"

"மத்தவங்க கம்பளில பாதி பஞ்சு. நீங்க யாரையும் ஏமாத்த மாட்டீங்க."

"வாய் மட்டும் இருக்கு. யாரு ஓட்டறது?"

"நான்தான்."

நான் மெத்தையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, எந்திரி. மெத்தை இல்லாட்டி தரையில படுத்துக்கறேன். இவன் இல்லாட்டி என்ன பண்ணுவேன்?"

அவள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். சட்டென்று எழுந்தாள். "பெப்பேத்தா, துணி உலத்தற கயிற அவுத்துட்டு வா."

தெருவில் அவளே டாக்சி மேல் ஏறி முடிச்சுப் போட்டாள். ஊரே பார்க்க உரக்கச் சொன்னாள்: "இது என் பொண்ணோட சீதனம். இத எடுத்துட்டுப் போறவன்தான் அவ புருஷன். பெப்பேத்தா, நீ சாட்சி. கல்யாணம் முடிஞ்சுது. டேய், சாயங்காலம் மெத்தை வீட்டுக்கு வரணும். அதோட நீயும் வரணும்."

கல் சுமந்தவர்கள் கை தட்டினார்கள். பாதிச் சுருள் தலையோடு நான் அவனை முத்தமிட்டேன். டாக்சி சீறிக்கொண்டு, சண்டை நடந்த பாரலேல் வீதிப் பக்கம் பறந்தது.

அதற்கப்புறம் நானும் கல் தூக்கினேன். ஒவ்வொரு வெடிக்கும் அம்மா கயிற்று முடிச்சையே திரும்பச் சொன்னாள்: "ரெட்டை முடிச்சு. அவுராது."

வெயில் சாயும் நேரம் தெருமுனையில் ஆரவாரம் கேட்டது. கண்ணாடி உடைந்த டாக்சி உருண்டு வந்தது. மெத்தை கிழிந்து, தெருவெல்லாம் கம்பளி பறந்தது. நார்சிஸ் காதில் ரத்தம். தலைமுடி முழுக்க வெள்ளைக் கம்பளி.

அம்மா முதலில் மெத்தையிடம்தான் போனாள். ஓட்டையில் விரலை விட்டு, நசுங்கிய குண்டொன்றை எடுத்து ஏப்ரன் பையில் போட்டாள்.

"இத யாரு தைக்கறது?"

"நான் தைக்கறேன், அத்தை" என்றான் நார்சிஸ்.

அவன் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "கிழிச்ச" என்று சொல்லிவிட்டு, அம்மா அவன் தலையிலிருந்து கம்பளியை ஒவ்வொரு இழையாகப் பொறுக்க ஆரம்பித்தாள். "குனிடா. கோழி வறுத்து ஆறிப்போய்க் கெடக்கு."