இரண்டு வீட்டு ஞாயிறு

காசிமாயன் கை நீட்டினாலே குழந்தை அழுதது. இன்னும் ஒரு வயது ஆகவில்லை. அவன் வேலைக்குக் கிளம்பும்போது அது தூங்கும். ஒன்றரை ஷிப்ட் முடித்து வரும்போதும் தூங்கும்.

"இந்த ஞாயித்துக்கெழமையாவது வீட்ல இருங்க. பிள்ள உங்கள யாரோன்னு நெனைக்குது," என்றாள் மனைவி நாகஜோதி.

இருந்துவிடலாம்தான். ஆனால் பக்கத்து வீட்டு ஜெயபாண்டி போவானே. இருவருக்கும் உசிலம்பட்டிப் பக்கம் ஊர். பிழைக்க வந்த நல்லூரிலும் இருவருக்கும் ஒரே பனியன் கம்பெனி, அடுத்தடுத்த தையல் மெஷின். ஜெயபாண்டி ஏசி மாட்டிய பிறகுதான் காசிமாயன் ஞாயிற்றுக்கிழமையும் போக ஆரம்பித்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைச் சம்பளத்தில் பெரிய பிரிட்ஜ் ஒன்று வந்தது. உள்ளே மாவும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன.

சனிக்கிழமை டீக்கடையில் மெல்லக் கேட்டான். "மாப்ள, நாளைக்குப் போகாம இருந்தா என்ன?"

ஜெயபாண்டி டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். "நீ போறதப் பாத்துத்தான நான் போறேன். உன் பிரிட்ஜப் பாத்ததுலருந்து என் வீட்டுக்காரி என்னயத் தூங்க விடல," என்றான்.

"நீ ஏசி மாட்டுனதாலதான நான்..."

"அது உன் வண்டியப் பாத்து."

வண்டி வாங்குவதற்கு முன்னால் என்ன இருந்தது? காசிமாயனுக்குப் பிடிபடவில்லை. எப்படியோ, நாளை இருவருமே போவதில்லை என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை குழந்தை அவன் விரலைப் பிடித்துப் பார்த்தது. அழவில்லை. அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அப்போது வெளியே வண்டி கிளம்பும் சத்தம். எட்டிப் பார்த்தால் ஜெயபாண்டியின் வண்டி நிற்கும் இடம் காலி.

"பாத்தியா, நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டான்."

"போனாப் போறாரு. உங்களுக்கென்ன?"

எனக்கென்ன என்று அவனும் கேட்டுக்கொண்டான். பதில் வருவதற்குள் சட்டையை மாட்டியிருந்தான். குழந்தை வாசல்வரை தவழ்ந்து வந்தது.

கம்பெனியில் ஜெயபாண்டியின் இடம் காலியாக இருந்தது. காசிமாயனுக்கு உட்காரவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜெயபாண்டி வந்தான், கையில் கறுப்புப் பையோடு.

"கறி எடுக்கத்தானடா போனேன். திரும்பி வந்து பாத்தா உன் வண்டியக் காணோம்."

"உன் வண்டியக் காணோமேன்னுதான் நானும்..."

முதலாளி லிங்கசாமி வந்தார். தன் பெரியப்பா மகன் வீரபாண்டி என்ற ஊரில் இரண்டாவது கம்பெனி போட்டதிலிருந்து அவரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தங்குவதில்லை.

"ஏனுங்க, கறியோட வந்துட்டீங்க. இங்கயே சமைக்கறீங்களா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

"நீ கெளம்பு மாப்ள. கறி கெட்டுப்போகும்," என்றான் காசிமாயன்.

"நீ கெளம்பு. நானும் கெளம்புறேன்."

"நீ மொதல்ல."

இருவரும் அவரவர் மெஷின் முன்னால் உட்கார்ந்தார்கள், எழுந்து போவதற்கு முன் சும்மா உட்காருவதுபோல. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றியது.

ஜெயபாண்டி குனிந்தான். கறிப்பையை நகர்த்தத்தான் குனிந்தானா, பெடலில் கால் வைக்கவா, தெரியவில்லை. அதற்குள் காசிமாயனின் மெஷின் ஓடத் தொடங்கியிருந்தது.