மீசை வைத்த சிப்பாய்கள்

வெள்ளத்துரை சிப்பாய்களுக்கு மூஞ்சி எழுதிக்கொண்டிருந்தான். சிப்பாய் என்றால் சுண்டுவிரலில் பாதி உசரம் வருகிற ஈயப் பொம்மை. இங்கிலாந்தில் வயசான ஆட்கள் பெரிய மேசை போட்டு, இந்தப் பொம்மைகளை அணி அணியாக நிறுத்தி, இருநூறு வருசத்துக்கு முந்தின சண்டைகளைத் திரும்பவும் போட்டு விளையாடுகிறார்களாம். அவர்களுக்கு உடுப்பு அச்சு அசலாக இருக்கணும். எந்தப் படைக்குக் காலர் மஞ்சள், எந்தப் படைக்குப் பச்சை, பொத்தான் வெள்ளியா பித்தளையா, எது மாறினாலும் பெட்டி திரும்பி வந்துவிடும். தூத்துக்குடியில் ஒரு பழைய உப்புக் குடோன் மாடியில் உட்கார்ந்து அந்தப் பட்டாளத்துக்கெல்லாம் உடுப்பு மாட்டிவிடுகிற வேலை.

ஹார்பரில் மூட்டை தூக்கி இடுப்பு போனபிறகு அவனுக்கு அமைந்த ஒரே உட்கார்ந்த வேலை இது. முதலில் கால்சட்டைக்குச் சாம்பல் நிறம் பூசினான். அப்புறம் பூட்ஸ். கை நடுங்காமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, மேற்பார்வை பார்க்கிற ஜெயபிரியா சொன்னாள்:

"அடுத்த பெட்டிக்கு மூஞ்சி நீங்க எழுதுங்க அண்ணாச்சி. சரியா வந்துட்டா அந்தப் பெஞ்சு உங்களுக்குத்தான். வரலைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது, கீழ ஈயம் உருக்குற எடத்துலதான் ஆள் கேக்காங்க."

கீழே என்றால் ஈயக்கட்டி சுமக்கணும். அவன் இடுப்பு ஒரு நாள் தாங்காது.

அந்தப் பெட்டி வருவதற்குள் ஊரில் அப்பா இறந்துபோனார். தாமிரபரணிக் கரையில் கொள்ளி வைக்கிறதுக்கு முன்னால், மூத்த மகன் என்று அவனை உட்காரவைத்துத் தலையையும் மீசையையும் மழித்தார்கள். முளைத்த நாளிலிருந்து எடுக்காத மீசை. தண்ணீர் பட்டதும் மேல் உதடு ஜில்லென்றிருந்தது. அது ஒன்றுதான் அவனுக்கு அன்றைக்குத் தெரிந்தது. அழுகை வரவில்லை. "கல்லு கணக்கா நிக்கான் பாரு" என்று சித்தி அவன் காதுபடவே சொன்னாள். சாம்பல் கரைத்த மறுநாளே பஸ் ஏறி வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். பெட்டி காத்திருந்தது. சிவப்புக் கோட்டு, மஞ்சள் காலர், நெஞ்சில் குறுக்காக ரெண்டு வெள்ளை வார், கறுப்புத் தொப்பி. எல்லாரும் அவரவர் வேலையை முடித்து வைத்திருந்தார்கள். மூஞ்சிதான் பாக்கி.

எழுதினான். கை தானாகவே ஓடியது. மனசு எங்கேயும் போகவில்லை, இங்கேயும் இல்லை.

பெட்டி அனுப்புகிற அன்றைக்குப் பாஸ்கல்தான் முதலில் பார்த்தான். கடற்கரைத் தெருக்காரன், வெள்ளை வார் போடுகிறவன். ஒரு சிப்பாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

"வேய் வெள்ளத்துரை, என்னவே இது? இங்கிலீசுப் பட்டாளத்துக்கு எங்கன இருந்துவே மீசை மொளச்சுது? பூராப் பயலும் நம்ம ஏட்டையா கணக்கால்லா நிக்கானுவ!"

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. ஜெயபிரியா சிரிக்கவில்லை. செல்போனில் படத்தைப் பெருசாக்கி அவன் முன்னால் வைத்தாள்.

"பாருங்கண்ணாச்சி. ஒருத்தனுக்காவது மீசை இருக்கா? இந்தப் படையில மழிச்ச மூஞ்சிதான். பிரெஞ்சுக்காரன்லகூட ஒசரத் தொப்பி போட்டவனுக்குத்தான் மீசை. படத்தப் பாத்துத்தான எழுதுனீங்க?"

பார்த்துத்தான் எழுதினான். மழித்த மூஞ்சி வரிசையாக நின்றது கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தது. அதையும் மீறி அவன் கை மீசை போட்டுவிட்டது.

"எல்லாரும் மீசைய மழிக்க, எல்லாருக்குமாம்மா ஒரே நேரத்துல அப்பன் செத்துட்டான்?" என்றான்.

பாஸ்கல் அதற்கும் சிரிக்கப் போனவன், அவனுடைய வெறும் உதட்டைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். ஜெயபிரியா போனை எடுத்துப் பையில் போட்டாள்.

"சாயங்காலம் வண்டி வந்துரும். அதுக்குள்ள அத்தனையையும் அழிச்சுருங்க. தோல் நிறத்த மேல வச்சா போதும். சரியா வந்துட்டா பேச்சு மாறாது."

வெள்ளத்துரை மெலிசுத் தூரிகையைத் தேர்ந்தெடுத்தான். ஒருத்தனைக் கழுத்தில் பிடித்துத் தலையைச் சாய்த்து மீசைமேல் தோல் நிறத்தை வைத்தான். கறுப்பு அதையும் தாண்டித் தெரிந்தது. இன்னொரு பூச்சு வைத்தான். அடுத்தவன். பாஸ்கல் தன் வேலையை விட்டுவிட்டு, காய்ந்ததை எடுத்து அடுக்கிக் கொடுத்தான்.

"எங்கப்பா போனப்ப நான் மீசைய எடுக்கல. எங்க ஆளுவளுக்கு அந்த வழக்கம் கெடையாது. ஆனா மாதாகோயில் வாசல்ல உருண்டு பெரண்டு அழுதேம்வே. நீரு அழுதீரா?"

"இல்ல."

"ஒண்ணுமே வரலியா?"

"பசிச்சுது. சாப்புட்டேன்."

பாஸ்கல் காய்ந்த ஒருத்தனை எடுத்து வரிசையில் வைத்தான். துறைமுகத்தில் கப்பல் ஒன்று சங்கு ஊதி ஓய்ந்தது.

கடைசி ஆள் காய்வதற்குள் ஜெயபிரியா பூதக்கண்ணாடியோடு வந்துவிட்டாள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். கறுப்பு எங்கேயும் தெரியவில்லை. ஆனால் பூச்சுமேல் பூச்சு ஏறி மேல் உதடு தடித்துப்போயிருந்தது.

"எல்லாம் ராத்திரி பூரா அழுதவன் மாதிரி இருக்கு அண்ணாச்சி. வீங்கிப்போயி."

அவன் குனிந்து பார்த்தான். அப்படித்தான் இருந்தார்கள். இத்தனை பேருக்கு அழுகை வந்திருக்கு என்று நினைத்தான். அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

"பின்வரிசையில நிறுத்திக்கிடுங்கன்னு சொல்லித்தான் அனுப்பணும். வாங்குற வெள்ளக்காரர் ஒத்துக்கிடுவாரோ என்னமோ." கண்ணாடியை மடக்கினாள். "மூஞ்சி இனிமே காலர் போடுற சந்தனச்செல்வி எழுதட்டும். நீங்க கீழ போக வேண்டாம். அடிமண் ஒட்டுங்க. அதுவும் உக்காந்து செய்ற வேலைதான், கூலிதான் கொறையும்."

"சரிம்மா."

நன்றி சொல்லணும் என்று தெரிந்தது. எழுந்து மூலைப் பெஞ்சுக்குப் போனான். அங்கே ஒரு தட்டில் சலித்த செவ்வண்ணத் தேரி மண்ணும் பச்சைத் தூளும் இருந்தது. சிப்பாய் நிற்கிற அடித்தட்டில் பசை தடவி, மண்ணில் அழுத்தி எடுக்கணும். ஒட்டினது ஒட்டும், மிச்சத்தை ஊதிவிடணும்.

வேறு பெட்டியிலிருந்து நீலக்கோட்டுக்காரன் ஒருத்தனை எடுத்தான். மூஞ்சியைப் பார்க்காமல் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பசையைத் தடவ ஆரம்பித்தான்.