பிளேட் எந்தப் பக்கமாக உள்ளே போகும்?

1

இந்தக் கதை என் நாத்தனாரின் அழுகையிலிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சமையலறை மேஜையில் அவள் அழுதுகொண்டிருந்தபோது, தண்ணீர் கொடுத்த கையோடு நான் தாளையும் பேனாவையும் எடுத்துவிட்டேன். எழுதுகிறவர்களை வீட்டில் சேர்க்கக் கூடாது என்று என் கணவர் அடிக்கடி சொல்வார். இத்தனை வருஷம் கழித்துச் சொல்லி என்ன பிரயோஜனம்?

நாத்தனாருக்கு எங்கள் வீட்டில் ஜெராக்ஸ் என்று பெயர். வைத்தவர் அவளுடைய அண்ணன், அதாவது என் கணவர். அவள் வேலை அப்படி. தடுப்பூசியில் போடும் எம்ஆர்என்ஏ என்பது, ‘இந்தப் புரதத்தைச் செய்’ என்று நம் செல்லுக்குச் சொல்லும் ஒரு துண்டுச்சீட்டு. சீட்டு சீக்கிரம் சிதைந்துவிடும், அதனால் நிறையப் போட வேண்டியிருக்கிறது. சில வைரஸ்களிடம் தங்கள் சீட்டைச் செல்லுக்குள் நகலெடுக்கும் நொதி ஒன்று உண்டு. ஜெராக்ஸ் அந்த நொதிக்கான குறிப்பை மட்டும் எடுத்து மருந்துச் சீட்டோடு ஒட்டுகிறாள். கொஞ்சம் போட்டால் போதும், உள்ளே போய்ப் பெருகிக்கொள்ளும்.

(‘வைரஸ்னு படிச்சதும் பயந்துடுவாங்க அண்ணி, பரவாதுன்னு எழுதுங்க’ என்கிறாள். எழுதிவிட்டேன்: வைரஸின் உறையைச் செய்யும் பகுதி இதில் இல்லை. ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குத் தாவாது. துண்டுச்சீட்டு என்ற சொல்லும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

“ஆய்வகத்தின் சன்னல்களில் மழை விழுந்துகொண்டிருந்தது. அவள்...”

மழை பெய்யவில்லை. அந்த அறைக்குச் சன்னலே கிடையாதாம்.

இரண்டாவது:

“உயிர் என்பதே நகல்தானே என்று அவள் நினைத்...”

ஜெராக்ஸ் அப்படியெல்லாம் நினைக்க மாட்டாள். மறுபடியும் பெரிய சைஸ் கையுறையை வாங்கி வைத்திருக்கிறார்களே என்று நினைப்பாள்.

மூன்றாவது:

“அவள் பிளேட்டை அளக்கும் மெஷினுக்குள் வைத்தாள். [பிளேட் எந்தப் பக்கமாக உள்ளே போகும்? ஜெராக்ஸிடம் கேட்கவும்.] மெஷினின் கதவு மூடிக்கொண்டது.”

இது பரவாயில்லை. அடைப்புக்குறியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

3

பிளேட் என்பது உள்ளங்கை அகலத் தட்டு. வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள், ஒவ்வொன்றிலும் செல்கள். இடது பாதியில் நொதி வேலை செய்யும் சீட்டைப் போட்டிருந்தாள். வலது பாதியில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நொதியை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்த சீட்டு. நகல் பெருகினால் குழி ஒளிரும். கண்ணுக்குத் தெரிகிற ஒளியில்லை, மெஷின்தான் அளந்து எண்களாகச் சொல்லும்.

இடது ஒளிர்ந்து வலது இருட்டாக இருக்க வேண்டும். வந்தது தலைகீழாக. மறுபடி வைத்து அளந்தாள், மறுபடியும் அப்படியே.

அவளுக்கு ஒரே காரணம்தான் தோன்றியது. உறைபெட்டியில் இந்தச் சீட்டுகளை வைத்திருக்கும் குழாய்களில் பெயர் மாறியிருக்கிறது. எப்போது மாறியது என்று தெரியாது. அப்படியானால் அந்தக் குழாய்களை வைத்து இதுவரை செய்த எதையும் நம்ப முடியாது. திங்கட்கிழமை தலைமை விஞ்ஞானி முன்னால் நின்று இதைச் சொல்ல வேண்டும். சொன்னால் இந்த ஆராய்ச்சியைக் கிடப்பில் போட்டுவிடுவார்கள். ஏற்கெனவே அவர் அரை மனதோடுதான் நடத்த விட்டிருந்தார்.

“எல்லாத்தையும் தூக்கிப் போடணும் அண்ணி. எந்தக் குழாயில எது இருக்குன்னு எனக்கே தெரியல.”

அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, எனக்கு ஒரு நல்ல சோக முடிவு தோன்றிவிட்டது. அவள் குழாய்களை ஒவ்வொன்றாகக் குப்பைப் பையில் போடுகிறாள், கையுறையைக் கழற்றுகிறாள், விளக்கை அணைக்கிறாள். ஒரு பத்தி சரசரவென்று வந்து விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பிரமாதமான பத்தி.

4

எழுதியதைப் படித்துக் காட்டினேன். அவள் மேஜையில் கன்னத்தை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். என் கணவர் பாத்திரம் தேய்த்தபடியே, பாவம் அவளை விடேன் என்றார். அடைப்புக்குறி வந்தது. பிளேட் எந்தப் பக்கமாக உள்ளே போகும் என்று கேட்டேன்.

“இதெல்லாம் யாரு படிக்கப் போறாங்க.”

“படிக்கிறவங்களுக்கு உன் கை என்ன பண்ணுதுன்னு தெரியணும். சொல்லு.”

சலித்துக்கொண்டே செல்போனைப் பிளேட் மாதிரி பிடித்துக் காட்டினாள். “ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும். அந்த மூலை நம்ம பக்கம் இருக்கிற மாதிரி வைக்கணும். எங்க மெஷின்ல...”

செல்போன் பாதி வழியில் நின்றுவிட்டது.

“எங்க மெஷின் ரிப்பேர்” என்றாள் மெதுவாக. “பக்கத்து லேப் மெஷின்ல அளந்தேன். அதுல மூலை அந்தப் பக்கம் இருக்கணும்.”

நான் அவள் கையிலிருந்த செல்போனைப் பார்த்தேன். அவள் அதை அப்படியே அரைவட்டம் திருப்பினாள். இடது வலதாகப் போனது, வலது இடதாக வந்தது. இரண்டு தடவையும் பழக்க தோஷத்தில் ஒரே மாதிரி வைத்திருக்கிறாள். அவளை லேபுக்குக் கூட்டிப்போக என் கணவர் ஈரக் கையோடு வண்டிச் சாவியைத் தேடினார்.

5

இனி மூன்று முடிவுகள்.

முதலாவது: மூலை சரியாகத்தான் இருந்தது, என் பத்தி பிழைக்கிறது.

இரண்டாவது: மூலையும் தப்பு, குழாயும் தப்பு. இதை யோசித்ததும் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மூன்றாவது எழுதும் முன்பே போன் வந்தது.

“அண்ணி. இடது பாதிதான் ஒளிருது. வலது பாதி கும்மிருட்டு.” அப்புறம் சொன்னாள்: “குழாயெல்லாம் சரியா இருக்கு.”

என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உடனே, குப்பைப் பை, கையுறை, விளக்கு என்று வந்த அந்தப் பிரமாதமான பத்தியைக் கிழித்துப் போட்டேன். கொஞ்சம் வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சந்தோஷமாகவே கிழித்தேன்.

(இந்தக் கதையில் ஜெராக்ஸைத் தவிர வேறு யாரையும் கெட்டிக்காரராகக் காட்டக் கூடாது என்று நினைத்திருந்தேன், என்னையும் சேர்த்து. நான் கேட்டது அறிவால் அல்ல, வாக்கியம் முடியாததால்.)

6

முடிவு எழுதிவிட்டேன் என்று ஜெராக்ஸிடம் சொன்னேன். எப்படி முடித்தீர்கள் என்றாள். ஜெயித்துவிட்டாய் என்று முடித்தேன் என்றேன்.

“ஒரு பிளேட் ஒளிர்ந்தா மருந்தாயிடாது அண்ணி. இன்னும் எவ்வளவோ இருக்கு. அதுக்குள்ள நீங்க முடிச்சா எப்படி?”

நியாயம்தான். அவளுடைய அந்தக் கொஞ்சூண்டு மருந்து ஒருவேளை ஒருநாள் யார் கையிலாவது ஏறும். அந்த அறையில் நான் இருக்க மாட்டேன், ஜெராக்ஸும் இருக்க மாட்டாள். அங்கே இருக்கப்போவது நீங்கள்தான். ஆகவே கடைசி வாக்கியத்தை இப்படியே விடுகிறேன்:

“செவிலியர் சட்டைக் கையை மடித்துவிடச் சொன்னார். [எந்தக் கை, இடதா வலதா? வாசகரிடம் கேட்கவும்.]”