அண்ணன் திடலில் வெயில்

ஓவியர் ஹெஸல் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். என் புருஷன் கோவெர்ட் குனிந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் கழுத்து சிவந்தது.

படம் வரைந்த பலகையில் முக்கால்வாசி வானம்தான். அடை மழைக்கு முந்தைய கறுத்த மேகம், அதன் கீழே கூனிக் குறுகிய ஹார்லெம் நகரம், தேவாலயம், காற்றாலைகள். முன்னால் நாங்கள் துணியை வெயிலில் விரித்து வெளுக்கும் திடல், அதுவும் இருட்டில். மேகத்தின் ஒரே கிழிசல் வழியாக வெயில் விழுந்தது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், என் அண்ணன் வௌட்டரின் திடலில்.

"என் காசுல அவனுக்கு வெயிலா?"

"மணல் மேட்டுல உக்காந்து பார்த்ததை வரைஞ்சேன் ஐயா. அன்னிக்கு அங்கதான் அடிச்சுது."

"வெயில் இல்லாத திடல்னு ஊரே சிரிக்கும். எவன் துணி போடுவான் எங்கிட்ட? மாத்து."

"வெளிச்சத்தை மாத்தினா வானம் பொய்யாயிடும். முடியாது."

அவர்கள் கத்திக்கொண்டிருக்க, நான் வேறொன்றைப் பார்த்துவிட்டேன். அந்த வெயிலில் கடுகளவு சிவப்புக் குல்லா. நீண்ட அகப்பையால் துணிமேல் தண்ணீர் வீசுகிறவன். இடது கைக்காரன். என் அண்ணனேதான். இவரும் அவனும் போட்ட வாய்க்கால் தண்ணீர்ச் சண்டைக்குப் பிறகு நாலு வருஷமாக அவன் முகத்தை நான் கிட்டத்தில் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் போனால் திரும்பி வராதே என்பது கோவெர்ட்டின் கட்டளை. இந்தப் படம் மட்டும் எங்கள் சுவரில் இருந்துவிட்டால் போதும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"இருக்கட்டுங்க, நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

"உங்கண்ணன் நிலம் மின்னுதுல்ல, உனக்கு நல்லாத்தான் இருக்கும்."

வெளியே போனவர், சாம்பல் காரநீரில் தோய்த்த கந்தலோடு வந்தார். எந்தக் கறையையும் எடுக்கும் நீர். ஹெஸல் தடுப்பதற்குள் அந்த வெயிலை அழுத்தித் தேய்த்தார். சரியாகக் காயாத சாயம் கரைந்து வந்தது. திடல் போனது, அண்ணன் போனான். அடியில் பூசியிருந்த சுண்ணம் வெளியே தெரிந்தது. முன்பைவிடப் பளீரென்று, கண் கூசும் வெள்ளை.

"பாருங்க, எங்கண்ணன் துணியை நீங்களே வெளுத்துக் குடுத்துட்டீங்க" என்றேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவரைக் குத்திக்காட்டி நான் பேசிய முதல் பேச்சு.

அவர் கந்தலை என் காலடியில் எறிந்துவிட்டுப் போனார். எடுத்தேன். காரம் விரலை அரித்தது. மடிப்பைப் பிரித்தபோது கடுகளவு சிவப்பு அதில் ஒட்டியிருந்தது.